மதுரையில் பாய் தேடிய பத்து நாட்கள்

சித்தப்பா மகள் செல்வியின் கல்யாணத்துக்காக அம்மாவும் நானும் மலேசியாவின் ஈப்போவிலிருந்து மதுரைக்குப் போனது 2006 தை மாதம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் பெட்டியில் பிஸ்கட் டின்களும் தைலப் புட்டிகளும் இருந்தன. என் பெட்டியில் ஒரு பட்டுப்புடவை. அதன்மேல் கித்தான் போலத் தடித்த வெள்ளைச் சட்டை, கால்சட்டை, ஒரு நீல பெல்ட். சுங்கத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"கராத்தேயா?"

"இல்லை. ஜியு-ஜிட்சு. பிரேசில்காரங்க மல்யுத்தம்."

"பிரேசில்ல ஃபுட்பால்தானம்மா ஆடுவாங்க?" என்றபடி சட்டையை மடிக்காமல் உள்ளே திணித்துப் பெட்டியை மூடினார்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஈப்போ ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கும் வேலை. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தில் ஜூடோ ஆரம்பித்தேன். இருபத்திரண்டில் கோலாலம்பூரில், கார் உபகரணக் கடை ஒன்றின் மாடியில் ஒரு பிரேசில்காரர் சொல்லிக்கொடுத்த ஜியு-ஜிட்சுவைப் பார்த்தேன். ஜூடோவில் எதிராளியை எறிந்தால் அநேகமாக ஆட்டம் முடிந்துவிடும். இதில் எறிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். தரையில் புரண்டு, கையையோ கழுத்தையோ பூட்டி, எதிராளி 'போதும்' என்று கையால் தட்டும்வரை விடக்கூடாது. எனக்கு அது அன்றே பிடித்துவிட்டது. அதன்பின் ஏழு வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறினேன். சிங்கப்பூரில் ஒரு வெண்கலம், பேங்காக்கில் இரண்டு வெள்ளி. அந்த இரண்டு வெள்ளியும் மணிலாக்காரி ஒருத்தியிடம் தோற்று வாங்கியவை. இரண்டு முறையும் முதுகில் தொற்றிக்கொண்டு கழுத்தை நெரித்தாள். இரண்டு முறையும் நான் தட்டினேன்.

டிசம்பரில் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இனி நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு பவானி, போட்டிக்குச் சின்னவர்களை அனுப்பிக்கொள்கிறேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குக் கோபம். அடுத்த பேங்காக் போட்டிக்கான படிவத்தை நானே நிரப்பினேன். 'கிளப்பின் பெயர்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

மதுரையில் இறங்கிய அன்று போட்டிக்கு இருபத்துநான்கு நாள் இருந்தது. அதில் பத்து நாளைக் கல்யாண வீட்டில் உட்கார்ந்து கழிக்க எனக்கு மனசில்லை.

சித்தப்பாவின் வீடு அவனியாபுரத்தில். கீழே லேத் பட்டறை, மேலே குடித்தனம். காளை விடும் திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகியும் தெருவோரம் கட்டிய மூங்கில் தடுப்புகளைப் பாதிதான் பிரித்திருந்தார்கள். முதல்நாள் காலையில் நான் எல்லோரையும் "பசியாறியாச்சா?" என்று கேட்க, வீடே சிரித்தது. எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம். இங்கே "சாப்டாச்சா?" மட்டும்தான். அதற்கு நாம் பதில் சொல்வதற்குள் இலை விழுந்துவிடும்.

என் கஷ்டம் அங்கேதான். போட்டியில் என் எடை ஐம்பத்தெட்டு கிலோவைத் தாண்டக்கூடாது. சித்தி கறிதோசை சுட்டாள். அதன்மேல் கொத்துக்கறியை அப்பியிருந்த கனத்தைப் பார்த்தபோதே அரைக் கிலோ கூடியதுபோல் இருந்தது. மாலையில் பருத்திப்பால். "இம்புட்டுத்தான் திம்பியா? கோழிகூட இதைவிட நல்லாத் திங்கும்" என்றாள் சித்தி. பட்டறைக்கு அடுத்தாற்போல் பழைய இரும்புக் கடை ஒன்று இருந்தது. மறுநாள் காலை அங்கே போய்த் தராசில் ஏறி நின்றேன். கடைக்காரர் கல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அம்பத்தொம்பது நானூறு. ஏத்தவா இறக்கவா?" என்றார். இறக்க வேண்டும் என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்காகத் தராசைத் துடைத்து வைத்தார்.

பயிற்சிக்கு ஒரு பாய் வேண்டும், தள்ளிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மூன்றாம் நாள், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் ஜூடோ உண்டு என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். பஸ் என்றால் எங்கள் ஊரில் ஏறி உட்காரும் வண்டி. இங்கே ஒரு கால் படியில், ஒரு கை யாரோ ஒருவரின் தோளில். அந்தத் தோள்காரர் கோபிக்கவில்லை. "பிடிச்சுக்கத்தா, விழுந்துறாத" என்று மட்டும் சொன்னார்.

பயிற்சிக்கூடம் பெரிது. பச்சைப் பாய்கள், நல்ல கனம். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொறுப்பாளர் துரைப்பாண்டி சார் மீசையை நீவிக்கொண்டு கேட்டார். "பயலுகதான் இருக்கானுக. பொம்பளைப் பிள்ளைக யாரும் வர்றதில்லை. யாரோட மல்லுக்கட்டுவ?"

"பயல்களோடதான்."

"அதெல்லாம் சரிப்படாதும்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"என்ன ஆகும் சார்?"

அவர் விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும் வழியில் நடைச்சுவரில் பழைய அணிப் படங்கள் தொங்கின. பதினைந்து ஆண்கள் கைகட்டி நிற்கும் ஒரு படத்தின் ஓரத்தில், ஒரே ஒரு பெண். யார்மேலோ கோபம்போல முகம். ஆபீஸ் அறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். "அதுவா, சரளா. சௌராஷ்டிராப் பிள்ளை. நேஷனல்ஸ்வரைக்கும் போயிட்டு வந்துச்சு. இப்ப கோரிப்பாளையம் பக்கம் ஒரு கேர்ள்ஸ் ஸ்கூல்ல பி.டி. டீச்சர்."

நான்காம் நாள் கோரிப்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம், ஒன்பதாவதாக ஒரு மூட்டை வெங்காயம். ஓட்டுநர் எங்கே என்று கேட்டதும் நான் யோசிக்காமல், "பாய் தேடிப் போறேன் அண்ணே" என்றேன்.

"எந்த பாயிம்மா? கோரிப்பாளையத்துல தெருவுக்கு அம்பது பாய் இருக்காக."

பக்கத்தில் இருந்த புர்கா அணிந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். விளக்கிச் சொல்வதற்குள், சந்திப்பில் நட்டநடுவில் ஆட்டோ நின்றுவிட்டது. நாலு பக்கமும் ஹாரன். ஓட்டுநர் ஆண்களைப் பார்த்து, "இறங்கித் தள்ளுங்கண்ணே" என்றார். அவர்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே நான் குனிந்து தோளைக் கொடுத்துத் தள்ளினேன். வெங்காய மூட்டையோடு வண்டி நகர்ந்தது. அந்த அம்மா இறங்கி வந்து என் முழங்கைக்கு மேலே விரலால் அமுக்கிப் பார்த்தார். "மாஷா அல்லா! என்னம்மா வேலை பாக்குற?" ஆஸ்பத்திரியில் கோப்பு அடுக்குகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை.

சரளா டீச்சர் முப்பத்தைந்து வயதிருப்பார். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, படத்தில் பார்த்த அதே முகத்தோடு நின்றார்.

"ஒம்போது வருசமாச்சு நான் நிறுத்தி."

"ஏன் அக்கா நிறுத்தினீங்க?"

"கல்யாணம் ஆச்சு. நிறுத்துன்னு ஒருத்தரும் சொல்லல. வான்னும் ஒருத்தரும் சொல்லல." கொஞ்சம் பொறுத்து, "சாயங்காலம் அஞ்சுக்கு வா. ஸ்கூல் விட்ருவாங்க" என்றார்.

பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையில் தென்னைநார் அடைத்த பழைய பாய்கள் ஆறு இருந்தன. மேசைகளை ஒதுக்கி அவற்றை விரித்தோம். தூசியில் இருவரும் தும்மினோம். அக்கா சுடிதாருக்கு மாறி, அதன்மேல் தன் பழைய ஜூடோச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வயிற்றில் பெல்ட் சுற்று ஒன்று குறைந்தது. குனிந்து வணங்கினோம். நான் அவர் சட்டையைப் பிடிக்கக் கை நீட்டினேன். அடுத்த நொடி கூரையில் இருந்த மின்விசிறி தெரிந்தது. அவர் என்னைத் தன் முதுகில் ஏற்றிக் கீழே போட்டிருந்தார். ஒன்பது வருஷம் தொடாத எறி அது.

"அடி பட்டுருச்சா?" என்று பதறினார்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

தரைக்கு வந்ததும் என் முறை. அவர் கழுத்தைப் பூட்டினேன், கையைப் பூட்டினேன், மறுபடி கழுத்து. ஒவ்வொரு முறை தட்டும்போதும், "இது எப்படி? மெதுவாக் காட்டு" என்றார். மணிலாக்காரி என் முதுகில் ஏறும் விதத்தைச் செய்து காட்டினேன். அவர் யோசித்துவிட்டு, "உன்னை அவ ஏன் முதுகுல ஏற விடுற? நீ எப்பவும் அவ வர்றதுக்காகக் காத்திருக்க. நின்னுக்கிட்டு இருக்கும்போதே எறி" என்றார். ஏழு வருஷத்தில் என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

அந்த நேரம் அவர் செல்போன் அடித்தது. கணவர். அக்கா வீட்டு மொழியில் பேசினார். சௌராஷ்டிரம் எனக்குப் புரியாது. வைத்த பிறகு அவரே சொன்னார். "ஏன் மூச்சு வாங்குதுன்னு கேட்டாரு. மாடி ஏறினேன்னேன். ஸ்கூல்ல ஏது மாடிங்கறாரு."

இப்படி ஐந்தாம் நாள், ஆறாம் நாள். சாயங்காலம் வியர்வையில் நனைந்து வீட்டுக்கு வருவேன். பூ கட்டுவதிலும் தாம்பூலப் பை போடுவதிலும் உதவாத என்னைப் பற்றி உறவுக்காரப் பெண்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். என் காதுகள் வேறு அவர்களுக்குப் பெரிய விஷயமாகிவிட்டன. பாயில் உரசி உரசி இரண்டு காது மடல்களும் வீங்கிக் கெட்டியாகிவிட்டவை. "என்னத்தா இது, குழம்புல போட்ட வடகம் மாதிரி?" என்றாள் ஓர் அத்தை. ஜிமிக்கி போட்டுப் பார்த்து, "முடியை இழுத்து விட்டு மறைச்சிரலாம்" என்று முடிவும் செய்தாள். நான் கூந்தலை உச்சியில் தூக்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏழாம் நாள் சித்தப்பா என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டார். லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். "மாப்பிள்ளையோட பெரியப்பா காதுக்குப் போயிருக்கு. நீ எங்கயோ போயி ஆம்பளைப் பயலுகளோட உருள்றேன்னு."

"ஒரு டீச்சரோடதான் சித்தப்பா. பொம்பளை."

"யாரா இருந்தா என்ன? கல்யாணம் முடியிறவரைக்கும் வீட்டுல இரு. மதினிகிட்டயும் சொல்லிட்டேன்."

அம்மா என்னைப் பார்க்காமல் தேங்காய்களை எண்ணிப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பதினாறு வருஷமாக 'எப்ப நிறுத்தப் போற?' என்று கேட்டு வந்தவள். அன்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"கல்யாணத்துக்கு என்ன வேலை சொன்னாலும் செய்யறேன். அஞ்சு மணிக்கு மட்டும் போயிட்டு வந்துடறேன்" என்றேன்.

"நான் வேண்டாங்கறேன்."

"நீங்க வேண்டாங்கறீங்க. நான் போறேன் சித்தப்பா."

சொல்லிவிட்டு நேராக ஷேர் ஆட்டோ நிறுத்தத்துக்கு நடந்தேன்.

நடந்ததைக் கேட்டதும் சரளா அக்கா பாயை விரிக்கவில்லை. "துரைப்பாண்டி என்ன சொன்னான் உன்கிட்ட? பயலுகளோட சரிப்படாதுன்னா?" ஆமாம் என்றேன். "என்கூட நேஷனல்ஸ் வந்தவன். ரயில்ல என் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்னவன். நாளைக்கு ரெண்டு பேரும் போறோம்."

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம், சரளா அக்கா அந்தப் பல்கலைக்கழகக் கூடத்துக்குள் வெள்ளைச் சட்டையோடு நடந்துபோனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். இருபது பையன்கள் பயிற்சியை நிறுத்தினார்கள். துரைப்பாண்டி சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"சரளா? நீயா?"

"நான்தான். இந்தப் பிள்ளைக்கு ஒரு ஆள் குடு. நம்ம படத்துல நான் ஒருத்தி பதினஞ்சு பேரோட நிக்கலை? அப்ப யாரு பதில் சொன்னா?"

சார் மீசையைத் தொட்டார், விட்டார். பிறகு விக்னேஷ் என்ற பையனைக் கூப்பிட்டார். பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடி மெடல் வாங்கியவன், அறுபத்தாறு கிலோ. அவன் கூட்டாளிகளைப் பார்த்து, "மாப்ள, பாத்துக்கங்கடா" என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

இரண்டு தடவை என்னை எறிந்தான். இரண்டாவது எறியில் அவன் தலை என் இடது புருவத்தில் மோதியது. கண் உடனே வீங்கத் தொடங்கியது. மேலே வந்து விழுந்தவனை என் இரண்டு கால்களாலும் இடுப்பைச் சுற்றிப் பூட்டினேன். அவன் எழுந்திருக்க என் மார்பில் கையை ஊன்றினான். நான் காத்திருந்தது அந்தக் கைக்குத்தான். இடுப்பைத் திருப்பி, காலை அவன் முகத்தின் மேல் போட்டு, கையை நீட்டிப் பிடித்தேன். முழங்கை என் இடுப்பின்மேல் இருந்தது. இன்னும் இரண்டு விரல் அளவு நான் இடுப்பைத் தூக்கினால் ஒடியும். அது அவனுக்கும் தெரியும்.

அவன் தட்டவில்லை.

"தட்டுறா" என்றார் சார்.

"பொம்பளைப் பிள்ளைக்கா? தட்ட மாட்டேன் சார்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

ஒடித்திருக்கலாம். விதிப்படி தப்பில்லை. அவன் முகம் சிவந்து நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்தேன். கையை விட்டேன். பையன்கள் கைதட்டினார்கள், அவனுக்காக. நான் எழுந்து பெல்ட்டை இறுக்கினேன். "இன்னொரு தடவை" என்றேன்.

இந்த முறை அவன் ஜாக்கிரதையாக வந்தான். கொஞ்ச நேரம் பிடித்தது. வேறு வழியாகப் போய் அதே கையைப் பூட்டினேன். தட்டவில்லை. விட்டேன். "இன்னொரு தடவை." கூடத்தில் இப்போது சத்தமில்லை. மூன்றாவது முறை அவனுக்கு மூச்சு இரைத்தது. எனக்கும்தான், ஆனால் எனக்கு அது பழக்கம். மறுபடி அதே கை. அவன் கண்ணை மூடினான். பிறகு என் காலில், யாருக்கும் கேட்காத மாதிரி, இரண்டு முறை தட்டினான்.

எழுந்ததும் முழங்கையை நீவிக்கொண்டே கேட்டான். "அக்கா, ஏன் ஒடிக்கலை?"

"ஒடிச்சா நீ தட்டியிருக்க மாட்டியே."

அன்று அதன்பின் ஐந்து பையன்கள் வரிசையில் நின்றார்கள். சரளா அக்காளிடம் இரண்டு பேர் போய் எறி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் என் இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் பாதி மூடியிருந்தது. பட்டுப்புடவை, தலையில் மல்லிகை, இந்தக் கண். சித்தப்பா ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பந்திக்குப் போகும் வழியில் மாப்பிள்ளையின் பெரியப்பா நின்று, "என்னம்மா கண்ணுல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பாத்ரூம் கதவுல இடிச்சுக்கிட்டா" என்றாள்.

"கதவு இல்லைங்க. ஒரு பையனோட தலை" என்றேன். "மல்லுக்கட்டும்போது பட்டது. நான் அதுக்குத்தான் போறேன். பதினாறு வருஷமா."

பெரியப்பா, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன். அவருக்கு அது போதவில்லை. எனக்குப் போதும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே பந்திக்குப் போனார். கல்யாணம் நிற்கவில்லை, சாம்பார் தீர்ந்துபோகவில்லை, ஒன்றும் ஆகவில்லை.

குடும்பப் படம் எடுக்கும்போது போட்டோகிராபர் என்னை, "நீங்க கடைசில, அந்தத் தூணுப் பக்கம்" என்றார். மணமேடையிலிருந்து செல்வி, மாலை கனத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல், உரக்கக் கூப்பிட்டாள். "அக்கா, இங்க வா. என் பக்கத்துல நில்லு." நின்றேன். போட்டோகிராபர் முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொன்னார். நான் நேராகப் பார்த்தேன்.

புறப்படும் நாள்வரை சித்தப்பா என்னோடு பேசவில்லை. விமான நிலையத்துக்கும் வரவில்லை. காரில் அம்மா ரொம்ப நேரம் ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "அந்தப் பையன் தட்டினானா இல்லையா?" என்றாள்.

"தட்டினான்மா."

"எத்தனை தடவை?"

"ரெண்டு."



பேங்காக்கில் எடை பார்த்தபோது ஐம்பத்தேழு எண்ணூறு. இறுதியில் எதிரே வந்தவள் அதே மணிலாக்காரி. ஆரம்பித்த அரை நிமிஷத்தில் அவளை முதுகில் ஏற்றி எறிந்தேன். இரண்டு புள்ளி. அவள் முகத்தில் தெரிந்த ஆச்சரியத்தை இன்றும் மறக்கவில்லை. ஆனால் அவள் கெட்டிக்காரி. புரட்டி மேலே வந்து இரண்டு, கடைசி நிமிஷத்தில் மறுபடி இரண்டு. நாலுக்கு ரெண்டில் தோற்றேன். மூன்றாவது வெள்ளி. இந்தமுறை தட்டவில்லை. பாயை விட்டு என் காலில் நடந்து வெளியே வந்தேன். அடுத்த போட்டிக்கான படிவம் கிடைக்குமா என்று மேசையில் கேட்டு இரண்டு வாங்கிக்கொண்டேன். இரண்டாவது எதற்கு என்று எனக்கே அப்போது தெரியாது.

விடுதிக்கு வந்து சரளா அக்காளுக்கு போன் போட்டேன்.

"தோத்துட்டேன் அக்கா. பாயிண்ட்ல."

"கழுத்தைக் குடுத்தியா?"

"குடுக்கலை."

"எறிஞ்சியா?"

"எறிஞ்சேன்."

 அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. பிறகு, "பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்ருக்கேன். அடுத்தது எப்ப, எந்த ஊருன்னு சொல்லு. எனக்கும் ஒரு ஃபாரம் வாங்கி வை" என்றார்.

பையிலிருந்து அந்த இரண்டாவது படிவத்தை எடுத்தேன். "வீட்டுல அண்ணன்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"கேக்கல. சொன்னேன்" என்றார் அக்கா.